43 வயது வரை நடுகளத்தில்: ஃபோர்மிகாவால் எப்படி முடிந்தது?

கேள்வி: எனக்கு வயது 27. பள்ளியில் படிக்கும்போதே கால்பந்து ஆட ஆரம்பித்தேன், அன்றிலிருந்து நடுகளம்தான். இப்போது தனியார் நிறுவனத்தில் வேலை. மாலையில் பயிற்சி, வார இறுதியில் மேட்ச். புதிதாக வந்திருக்கும் பயிற்சியாளர், "மிட்ஃபீல்டில் ஓடுவதற்கு இருபது வயசுப் பிள்ளைகள் வேண்டும், உனக்கு வயசாகிவிட்டது" என்கிறார். வீட்டிலும் போதும் நிறுத்து என்கிறார்கள். பிரேசிலின் ஃபோர்மிகா 43 வயதில் ஒலிம்பிக்கில் ஆடியதாகப் படித்தேன். அவருடையது பிறவி உடம்பா, பயிற்சியா? என்னால் இன்னும் பத்து வருடம் ஆட முடியுமா? (போன மாதம் பந்தோடு திரும்பும்போது வலது முழங்கால் மடங்கியது. அன்று இரவே வீங்கிவிட்டது. இப்போது வலி இல்லை, ஆனால் சில நேரம் கால் நழுவுவது போல இருக்கிறது.)

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

அடைப்புக்குறிக்குள் நீங்கள் எழுதியிருப்பதுதான் பிசியோதெரபிஸ்டான என் கண்ணில் முதலில் பட்டது. அதை முதலில் பேசிவிட்டு ஃபோர்மிகாவிடம் போகலாம்.

திரும்பும்போது முழங்கால் மடங்குவது, சில மணி நேரத்துக்குள் வீங்குவது, வீக்கம் வடிந்த பிறகும் கால் நழுவுவது போல இருப்பது. இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் ஏ.சி.எல். என்று கிரவுண்டில் எல்லோரும் சொல்லும் லிகமென்ட், அதாவது முழங்காலுக்குள் எலும்புகளைப் பிணைக்கும் நார், கிழிந்திருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். வலி இல்லை என்பதை நம்பாதீர்கள். ஏ.சி.எல். கிழிந்தவர்களில் பலரும் சில வாரங்களில் இயல்பாக நடப்பார்கள், நேர்கோட்டில் ஓடவும் செய்வார்கள். சட்டென்று திசை மாற்றும்போதுதான் கால் கைவிடும். அப்படி ஒவ்வொரு முறை நழுவும்போதும் உள்ளே மெத்தை போல இருக்கும் குருத்தெலும்பான மெனிஸ்கஸும் சேர்ந்து சேதமாகலாம். அந்தச் சேதம்தான் நாற்பது வயதில் மூட்டுத் தேய்மானமாக வந்து நிற்கலாம். இந்த வாரமே ஒரு எலும்பு மூட்டு மருத்துவரைப் பாருங்கள், விளையாட்டுக் காயங்களைப் பார்த்துப் பழகியவராக இருந்தால் இன்னும் நல்லது. கையால் பரிசோதித்துவிட்டு, தேவைப்பட்டால் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்வார். அதுவரை மேட்ச் வேண்டாம். பெஞ்சில் உட்கார வைத்துவிடுவார் என்ற பயத்தில் பயிற்சியாளரிடம் இதை மறைத்திருக்கிறீர்களோ என்று எனக்குச் சந்தேகம். மறைக்காதீர்கள். கால்பந்து ஆடும் பெண்களுக்கு இந்தக் காயம் ஆண்களைவிட இரண்டு மூன்று மடங்கு அதிகமாக வருகிறது. இதில் உங்கள் தப்பு எதுவும் இல்லை.

சரி, ஃபோர்மிகா.

மிராயில்டெஸ் மாசியல் மோட்டா என்பது இயற்பெயர். 1978 மார்ச் 3-ல் பிரேசிலின் பாஹியா மாநிலத்தில் சால்வடோர் நகரத்தில் பிறந்தவர். அந்த வருடத்தைக் கவனியுங்கள். 1941-ல் பிரேசில் அரசு ஒரு ஆணை போட்டது. பெண்களின் இயல்புக்கு ஒவ்வாத விளையாட்டுகளில் அவர்கள் ஈடுபடக் கூடாது என்றது அது. 1965-ல் வந்த விதி கால்பந்தைப் பெயர் சொல்லியே தடை செய்தது. தடை நீங்கியது 1979-ல். ஃபோர்மிகா பிறந்த அன்று, அவருடைய நாட்டில் ஒரு பெண் கால்பந்து ஆடுவதற்குச் சட்டப்படி தடை இருந்தது. பையன்களோடு தெருவில் ஆடியதற்காக அண்ணன்களிடம் அடி வாங்கியதை அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். சட்டம் போனாலும் வீட்டுக்குள் தடை இருந்தது. உங்கள் வீட்டில் நிறுத்தச் சொல்கிறார்கள் என்று எழுதியிருந்ததைப் படித்ததும் எனக்கு இதுதான் நினைவுக்கு வந்தது.

17 வயதில், 1995-ல், ஸ்வீடனில் நடந்த உலகக் கோப்பையில் ஆடினார். முதல் ஆட்டத்தில் பிரேசில் ஸ்வீடனை 1-0 என்று வென்றது. அப்புறம் ஜப்பானிடம் தோற்று, ஜெர்மனியிடம் 6-1 என்று நொறுங்கி, முதல் சுற்றோடு ஊர் திரும்பியது. அடுத்த வருடம் அட்லாண்டாவில்தான் ஒலிம்பிக்கில் முதன்முதலாகப் பெண்கள் கால்பந்து சேர்க்கப்பட்டது. அதிலும் இருந்தார். அங்கே தொடங்கி 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக் வரை, ஏழு ஒலிம்பிக்கிலும் ஆடிய ஒரே வீராங்கனை அவர்தான். 1995 முதல் 2019 வரை ஏழு உலகக் கோப்பை. அவருக்கு முன்னால் ஆணோ பெண்ணோ யாரும் ஏழு உலகக் கோப்பை பார்த்ததில்லை. பிரேசிலுக்காக 200-க்கும் மேற்பட்ட ஆட்டங்கள். 2004-லும் 2008-லும் ஒலிம்பிக் வெள்ளி, 2007-ல் உலகக் கோப்பை இறுதி ஆட்டம். அந்த மூன்று இறுதி ஆட்டங்களிலும் தோல்வி. உலகக் கோப்பையும் ஒலிம்பிக் தங்கமும் கடைசி வரை அவர் கைக்கு வரவில்லை.

இப்போது உங்கள் கேள்வி. பிறவி உடம்பா?

ஓரளவுக்கு ஆமாம். இருபத்தாறு வருடம் சர்வதேச ஆட்டம் தாங்கும் மூட்டுகள் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. ஆனால் அவர் ஆடிய விதத்தைப் பார்த்தால், உடம்பு மட்டுமே காரணம் என்று சொல்ல என்னால் முடியாது. 2015 உலகக் கோப்பையில், மான்ட்ரியலில், தென் கொரியாவோடு நடந்த ஆட்டத்தின் வீடியோ இணையத்தில் கிடைக்கும், தேடிப் பாருங்கள். கொரிய டிஃபெண்டர் ஒருவர் தன் கோல்கீப்பரை நோக்கிப் பந்தைப் பின்னால் தள்ளுகிறார். அந்த பாஸ் பலவீனமாக வரப்போகிறது என்பது ஃபோர்மிகாவுக்கு முன்பே தெரிந்திருக்கிறது. பந்துக்கு முதலில் போய்ச் சேர்கிறார், கோல். அப்போது வயது 37. பெண்கள் உலகக் கோப்பையில் கோல் அடித்தவர்களிலேயே அதிக வயதானவர் என்ற சாதனை அந்த கோலில் வந்தது. இருபது வயதுப் பெண்ணோடு ஓட்டப் பந்தயம் வைத்திருந்தால் அவர் தோற்றிருப்பார். ஓட ஆரம்பித்த நேரம்தான் அவருக்குச் சாதகமாக இருந்தது.

உங்கள் பயிற்சியாளர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது, அதை நான் மறுக்கவில்லை. உயர்மட்டப் பெண்கள் கால்பந்தில் ஒரு நடுகள வீராங்கனை ஒரு ஆட்டத்தில் சுமார் 10 கிலோமீட்டர் ஓடுகிறார். முப்பதுக்குப் பிறகு முதலில் குறைவது உச்ச வேகம். ஆட்டத்துக்கு ஆட்டம் உடம்பு தேறுவதற்கும் கூடுதல் நேரம் பிடிக்கும். கெண்டைக்காலிலும் தொடையின் பின்பக்கத்திலும் சதைப்பிடிப்பும் கிழிசலும் அதிகமாகும். ஆனால் மூச்சுத் திறனும் தசை வலுவும், ஒழுங்காகப் பயிற்சி செய்பவர்களுக்கு, முப்பதுகளின் பிற்பகுதி வரைகூடப் பெரிதாகச் சரிவதில்லை. அந்த 10 கிலோமீட்டரில் முழு வேகத்தில் ஓடுவது கொஞ்சம்தான், மிச்சமெல்லாம் நடையும் மெதுவோட்டமும் நடுத்தர ஓட்டமும். எப்போது முழு வேகம் எடுப்பது என்று அறிந்தவருக்கு வேகம் குறைவது சமாளிக்கக்கூடிய விஷயம். 27 வயதில் அதைப் பற்றிப் பேசவே வேண்டியதில்லை. உங்கள் வயதில் உடம்பு இன்னும் உச்சத்தில்தான் இருக்கிறது. வயதைக் காரணம் காட்டி உங்களை ஒதுக்குவது, என் தொழிலறிவுக்கு எட்டியவரை, தவறு.

ஃபோர்மிகா களத்தில் நின்ற இடமும் இதற்கு உதவியது. தற்காப்புக்கு முன்னால் நின்று எதிரணியின் தாக்குதலை அறுத்து, பந்தை வாங்கி, முன்களத்தில் ஆடிய மார்த்தாவுக்கும் கிறிஸ்டியானேவுக்கும் கொடுப்பது அவர் வேலை. கைதட்டல் அவர்களுக்குப் போகும். நீளமாக ஓடி கோல் அடிக்கும் விங்கர்கள் முப்பதைத் தாண்டத் திணறும்போது, இந்த இடத்தில் ஆடுபவர்களுக்கு அனுபவம் கைகொடுக்கும். பந்து எங்கே வரப்போகிறது என்று ஆயிரக்கணக்கான முறை பார்த்த கண் அது. நீங்கள் நடுகளத்தில் எந்த இடத்தில் ஆடுகிறீர்கள் என்று எழுதவில்லை. பெட்டிக்குப் பெட்டி, அதாவது நம் கோல் பகுதியிலிருந்து எதிரணியின் கோல் பகுதி வரை ஓடுகிறவராக இருந்தால், அடுத்த சில வருடங்களில் கொஞ்சம் பின்னால் நகர்ந்து ஆடக் கற்றுக்கொள்வது நல்லது.

அப்புறம், அவர் ஓய்வு எடுக்கத் தெரிந்தவர், எடுக்க வைக்கப்பட்டவரும்கூட. 2016 முடிவில் தேசிய அணியிலிருந்து விலகினார். 2018-ல் பயிற்சியாளர் வடாவோ கூப்பிட்டதால் திரும்பி வந்தார். அந்த இடத்தில் நிற்க வேறு ஆள் கிடைக்கவில்லை என்பதுதான் காரணம். அந்த வருடம் சிலியில் நடந்த, தென் அமெரிக்க நாடுகளுக்கான கோபா அமெரிக்கா கோப்பையை வென்றார்கள். அடுத்த வருடம் பிரான்சில் உலகக் கோப்பை, அப்போது வயது 41. ஆஸ்திரேலியாவுக்கு எதிரான ஆட்டத்தில் முதல் பாதி முடியும்போது பிரேசில் 2-1 என்று முன்னால் இருந்தது. இடைவேளையில் ஃபோர்மிகாவையும் மார்த்தாவையும் வெளியே எடுத்தார்கள். இரண்டாம் பாதியில் நடுகளம் கையைவிட்டுப் போனது, 3-2 என்று தோற்றார்கள். அந்தத் தோல்விக்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனாலும் 41 வயதுக்காரர் வெளியேறியதும் ஒரு அணியின் நடுப்பகுதி தடுமாறியதை நான் மறக்கவில்லை. 45 நிமிடம் ஆடினாலும் ஒரு அணியைத் தாங்கலாம் என்பதற்கு அது சாட்சி. பிரான்சிடம் தோற்று வெளியேறியபோது, மார்த்தா கேமராவைப் பார்த்து இளம் பெண்களிடம் பேசினார். ஃபோர்மிகா எப்போதும் இருக்கமாட்டார், நானும் இருக்கமாட்டேன், கிறிஸ்டியானேவும் இருக்கமாட்டார், இனி உங்கள் கையில் என்ற பொருளில். கண்ணீரோடு சொன்னார். இப்போது பார்த்தாலும் எனக்குத் தொண்டை அடைக்கும்.

ஆனால் 41 வயதில் அவர் ஆடியதைக் கொண்டாடும்போது இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பிரேசிலில் பெண்களுக்கான கிளப் கால்பந்தைக் கட்டி எழுப்பும் வேலை பல வருடம் சரியாக நடக்கவே இல்லை. இளையவர்களை உருவாக்கியிருந்தால் ஓய்வு பெற்ற ஒருவரைத் தேடிப்போக வேண்டி வந்திருக்காது. அவருடைய நீண்ட ஆட்டத்தில் அவருடைய உழைப்பும் தெரிகிறது, அமைப்பின் அலட்சியமும் தெரிகிறது. முதல் டிவிஷன் ஆண்கள் கிளப்புகள் பெண்கள் அணியும் வைத்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் 2019-ல்தான் வந்தது. தேசிய அணியில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் ஒரே தினப்படி, ஒரே பரிசுத்தொகை என்று 2020 செப்டம்பரில்தான் அறிவித்தார்கள். அப்போது ஃபோர்மிகாவுக்கு 42 வயது.

பிழைப்புக்காக அவர் எங்கெல்லாம் போனார் என்று பாருங்கள். சாவோ பாலோ கிளப், ஸ்வீடனில் மால்மோ, அமெரிக்காவில் சில அணிகள். அங்கே அவர் 2009-லும் 2010-லும் ஆடிய தொழில்முறை லீக் 2012-ல் இழுத்து மூடப்பட்டது. பிரேசில் திரும்பி சாவோ ஜோசே அணியில் ஆடினார். அந்த அணி 2011, 2013, 2014 என்று மூன்று முறை கோபா லிபர்டடோரெஸ் வென்றது, தென் அமெரிக்காவின் பெரிய கிளப் கோப்பை அது. 2017-ல், 39 வயதை நெருங்கும்போது, பாரிஸ் செயின்ட் ஜெர்மைன் அவரை எடுத்தது. நல்ல மருத்துவக் குழு, ஒழுங்கான உணவு, முழுநேரப் பயிற்சி, இதெல்லாம் இருக்கும் பெரிய கிளப். அங்கே 2018-ல் பிரெஞ்சுக் கோப்பை, 2020-21 பருவத்தில் லீக் பட்டம். பிரெஞ்சு லீகில் அதற்கு முன் பதினான்கு வருடம் தொடர்ந்து லியோன்தான் வென்றுகொண்டிருந்தது. அந்த வரிசையை முறித்த அணியில் 43 வயதில் ஃபோர்மிகா இருந்தார்.

அந்த வசதி உங்களுக்கு இல்லை. எட்டு மணி நேரம் வேலை பார்த்துவிட்டுப் பயிற்சிக்குப் போகிறீர்கள். அதனால் அவரைப் போல 43 வரை உச்ச நிலையில் ஆடுவீர்கள் என்று நான் சொல்லமாட்டேன். முழங்கால் விஷயம் தெளிவாகி, சரியாகச் சிகிச்சை முடிந்தால், உங்கள் நிலையில் இன்னும் பத்து வருடம் ஆடுவது சாத்தியம்தான். அதற்கு என்ன வேண்டும் என்று என் அனுபவத்திலிருந்து சொல்கிறேன்.

பயிற்சிக்கு முன் 20 நிமிடம் ஃபிஃபா 11+ வார்ம்-அப். மெதுவோட்டம், அப்புறம் வலுவும் சமநிலையும் சேர்க்கும் பயிற்சிகள், கடைசியில் வேகமாக ஓடித் திரும்புவது என்று மூன்று பகுதி. நார்வேயில் பதின்ம வயதுப் பெண்களிடம் செய்து பார்த்த ஆய்வில் காயங்கள் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்தன, கடுமையான காயங்கள் கிட்டத்தட்டப் பாதியாயின. காசு செலவில்லை, கருவி வேண்டாம். இதைவிட மலிவான காப்பீடு எதுவும் எனக்குத் தெரியாது. ஆனால் வாரம் இரண்டு முறையாவது விடாமல் செய்தால்தான் பலன். மேட்சுக்கு முன் ஐந்து நிமிடம் ஒப்புக்குச் செய்வது வீண். இதையும் மருத்துவர் முழங்காலைப் பார்த்து அனுமதித்த பிறகுதான் தொடங்க வேண்டும்.

வலுப் பயிற்சி வாரம் இரண்டு நாள். தொடை, பின்தொடை, இடுப்பு, கெண்டைக்கால். பெண்கள் எடை தூக்கினால் உடம்பு தடித்துவிடும் என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள்.

இரத்தப் பரிசோதனை செய்து ஹீமோகுளோபினோடு, உடம்பில் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் பாருங்கள். ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் இரும்புச் சேமிப்பு அடியில் கிடக்கும் பெண்களை நான் நிறையப் பார்க்கிறேன். "ஸ்டாமினா போய்விட்டது, வயசாகிவிட்டது" என்று வருவார்கள். காரணம் இரும்புச்சத்தாக இருக்கும். மாதவிடாய் தள்ளிப்போனாலோ நின்றுபோனாலோ, சாப்பிடுவது ஓட்டத்துக்குப் போதாமல் இருக்கலாம், வேறு காரணங்களும் இருக்கலாம். அதைச் சாதாரணம் என்று விடாதீர்கள், எலும்பு பலவீனமாகலாம். கட்டாயம் ஒரு மருத்துவரைப் பாருங்கள். வேலை முடித்து வெறும் வயிற்றில் பயிற்சிக்கு ஓடுவதை இன்றோடு நிறுத்துங்கள். ஒரு மணி நேரம் முன்னால் இரண்டு வாழைப்பழமாவது சாப்பிடுங்கள்.

பயிற்சியின் அளவை ஒரேயடியாகக் கூட்டாதீர்கள். மூன்று வாரம் விடுமுறை, அப்புறம் போட்டி வந்துவிட்டது என்று தினமும் இரண்டு வேளை. சதை கிழிந்து என்னிடம் வருபவர்களில் பெரும்பாலோர் இந்தப் பாதையில் வந்தவர்கள்தான்.

ஏ.சி.எல். கிழிந்திருப்பது உறுதியானால் பயந்துவிடாதீர்கள். அறுவைச் சிகிச்சை செய்தால் களத்துக்குத் திரும்பக் குறைந்தது ஒன்பது மாதம் வைத்துக்கொள்ளுங்கள், சிலருக்கு ஒரு வருடமும் ஆகும். அவசரப்பட்டு ஆறு மாதத்தில் திரும்பியவர்களுக்கு மறுபடி கிழிவது அதிகம். தொடைத் தசை மற்ற காலுக்கு நிகராக வலுப்பெற்றிருக்கிறதா, ஒற்றைக்காலில் குதித்து நிலையாக நிற்க முடிகிறதா என்று சோதித்த பிறகுதான் ஆட அனுமதிக்க வேண்டும். அந்த மாதங்களை வீணாக்காமல் ஆட்டங்களைப் பாருங்கள், பந்தை விட்டுவிட்டு ஒரே ஒரு தற்காப்பு மிட்ஃபீல்டரை மட்டும் தொண்ணூறு நிமிடமும் கவனித்து.

வீட்டைப் பற்றி நான் சொல்வதற்குப் பெரிதாக எதுவும் இல்லை. உங்கள் வீட்டை நீங்கள்தான் அறிவீர்கள். திருமணம் ஆனாலும் குழந்தை பிறந்தாலும் கால்பந்துக்குத் திரும்பியவர்கள் உலகம் முழுவதும் இருக்கிறார்கள், உடம்பு அதற்குத் தடை இல்லை. இதை மட்டும் ஒரு மருத்துவத் துறைக்காரனாக எழுதிக் கொடுக்க என்னால் முடியும். வேண்டுமானால் இந்தப் பதிலை அம்மாவிடம் காட்டுங்கள்.

ஃபோர்மிகா பிரேசிலுக்காகக் கடைசியாக ஆடியது யாருக்கு எதிராக என்று தெரியுமா? நம் இந்திய அணிக்கு எதிராக. 2021 நவம்பர் 25, அமேசான் காட்டுக்கு நடுவே இருக்கும் மனாஸ் நகரம். பிரேசில் 6-1 என்று வென்றது. நம் அணியின் அந்த ஒரே கோலை அடித்தவர் இருபது வயதுகூட நிரம்பாத மனிஷா கல்யாண். இரண்டாம் பாதியில் மாற்று வீராங்கனையாக ஃபோர்மிகா இறங்கினார், அப்போது அவருக்கு 43. இரண்டு பேருக்கும் ஒரே ஆட்டத்தில் இடம் இருந்தது. உங்கள் அணியில் இருபது வயதுப் பிள்ளைகளும் நீங்களும் சேர்ந்து ஆட முடியாது என்று பயிற்சியாளர் சொல்வதை நான் ஏற்காததற்கு இதுவும் ஒரு காரணம்.

மருத்துவர் ஆடலாம் என்று எழுதித் தந்த பிறகு பயிற்சியாளரிடம் நேராகப் பேசுங்கள். வயதைப் பற்றி வாதாட வேண்டாம். "எனக்கு 60 நிமிடம் கொடுங்கள், எத்தனை பந்து வெட்டினேன், எத்தனை பாஸ் சரியாகப் போனது என்று நான்கு மேட்சுக்குக் குறித்துவையுங்கள், அப்புறம் முடிவு பண்ணுங்கள்" என்று கேளுங்கள். நியாயமான பயிற்சியாளர் என்றால் ஒத்துக்கொள்வார். ஒத்துக்கொள்ளாவிட்டால் வேறு அணி பாருங்கள், உங்கள் ஊர்ப் பக்கத்தில் இல்லாமலா போகும்? இப்போதைக்கு முதல் வேலை முழங்கால். எம்.ஆர்.ஐ. எடுத்தால் அந்த ரிப்போர்ட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று எனக்கு எழுதுங்கள், அடுத்து என்ன செய்யலாம் என்று சொல்கிறேன்.